கற்பூரம் அணைக்காதவன்

அக். 9, வியாழன்

விடியலிலிருந்து தூறல். கடைவாய்ப் பல் வலி இரண்டாம் நாள். கிராம்புத் தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

காலையில் ஜி.எச்.சிலிருந்து போன். கல்வராயன் மலையில் வெட்டு. வார்டுக்குப் போனேன்.

ஊர் கல்லுக்காடு. வெள்ளிமலைக்கும் மேலே. ஆள் பெயர் சடையன், நாற்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டுக்கு மேல் கொடுவாள் வெட்டு. எலும்பு போய், கை தோலில் மட்டும் தொங்குகிறது. தோளில் இன்னொன்று, ஆழம். தொங்கிய கையை ஒரு முறத்தில் ஏந்தியபடி லோடு வேனில் மலை இறங்கியிருக்கிறாள் மனைவி ராமாயி. எல்லா வளைவுகளிலும் ஏந்தியபடியே. அந்த முறம் இப்போது வார்டு வாசலில் சாய்ந்து கிடக்கிறது. ஈ மொய்க்கிறது. யாரும் எடுக்கவில்லை.

ராமாயி: "எங்கூட்டுக்காரரு வேதத்துல சேந்துட்டாரு சார். நான் சேரல. சேந்திருந்தா ரெண்டு மொறம் கொண்டாந்திருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள். இரண்டு நர்சுகள் பிடித்து உட்காரவைத்தார்கள்.

விசாரித்த வரையில்: சடையனும் அண்ணன் வெள்ளையனும் பல வருடமாகச் சேர்ந்து சாராயம் காய்ச்சியவர்கள். சடையன் கிறிஸ்தவனாகி ஒரு வருடத்துக்கு மேல். தீபாவளிக்காக அண்ணன் ஓடையோரம் போட்டிருந்த ஊறல் பேரல்களை நேற்று கோடரியால் பிளந்து கொட்டிவிட்டான். ஓடை முழுக்க வெல்ல நாற்றமாம். இன்று விடியலில் வெட்டு. பார்த்தவர்கள் இல்லை. யாரென்று தெரியாதவர்களும் இல்லை. வெள்ளையன் காட்டுக்குள்.

பேப்பருக்கு அனுப்பிய செய்தி: "மர்ம நபர்கள் வெட்டினர்." வழக்கமான வாக்கியம். மர்மம் ஒன்றும் கிடையாது.

அக். 10, வெள்ளி

கையை எடுத்துவிட்டார்கள். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் மிச்சம்.

எஸ்.ஐ. வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"யாருய்யா வெட்டுனது?"

"தெரியுங்க. சொல்ல மாட்டேன்."

"தெரியாதுன்னாவது சொல்லித் தொலையேன்."

"அது பொய்யாப் பூடுங்க."

"நீ வாயத் தொறந்தாதான்யா கேஸு!" ட்ரிப் ஸ்டாண்டை எட்டி உதைத்தார். அது பக்கத்துக் கட்டில் கிழவர் மேல் சாய்ந்தது. கிழவர் போலீஸ், டாக்டர், அரசாங்கம் மூன்றையும் சேர்த்துத் திட்டினார். நன்றாகவே திட்டினார்.

எஸ்.ஐ. போனபின் சடையனிடம் கேட்டேன், ஏன் இந்தப் பிடிவாதம்.

கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை சாவு விழுந்த வாரம் இவன் மளிகை வாங்கக் கீழே வந்திருக்கிறான். தெருவை அடைத்துப் பாடைகள். "செத்தது என் சரக்குல இல்ல சார். ஆனா என்னுதா இருந்திருந்தாலும் மறுநாளு காச்சிக்கினுதான் இருந்திருப்பேன். அது தெரிஞ்சிப்போச்சி எனக்கு. அன்னிலேருந்து தூக்கமில்ல."

அந்த வாரம் நானும் அதே தெருவில்தான் நின்றேன். எழுதினேன். தூங்கினேன்.

"அண்ணன் போட்ட ஊறலக் கேக்காம கொட்டுனது என் தப்பு," என்றான். "அத அவங்கிட்ட சொல்லணும். அவன் திருந்தணும் சார். உள்ள போயிட்டா ஆத்திரம்தான் ஜாஸ்தியாவும்."

கி. தைலம் மறந்தேன்.

அக். 11, சனி

பல். இடது கன்னம் வீக்கம். பல் டாக்டர் சர்க்கரை பார்த்தார். ஜாஸ்தி. குறைந்தால்தான் பிடுங்குவாராம்.

கச்சிராயபாளையத்திலிருந்து சடையனின் போதகர் வந்தார். நல்ல மனிதர், குரல் பெரிது. ஜெபம் வார்டைத் தாண்டி வராந்தா வரை கேட்டது. அடுத்த மாதம் சுகமளிக்கும் கூட்டம், மேடைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

"இன்னா சுகமாச்சின்னு சொல்றது ஐயா?" உண்மையாகவே கேட்டான்.

"உயிர் காத்தாரே!"

"வெட்டுன கொடுவா மழுங்கலுங்க. அதான். நான் சொகம் கேட்டு அவராண்ட போவல. கைக்கு ஆஸ்பத்திரி கீது. நான் போனது வேற நோவுக்கு."

போதகர் கட்டிலோரம் உட்கார்ந்தார். பிறகு மெல்லிய குரலில் இன்னொரு ஜெபம். இது நன்றாக இருந்தது.

டீக்கடையில்: "கை போனா இன்னாடா, மேல போனா புதுசு தருவாங்களாம்." "தீபாவளிக்கு அங்க சரக்கு கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லச் சொல்லு."

சிரிப்பு. பல் வலியையும் மறந்து நானும் லேசாகச் சிரித்தேன்.

அக். 13, திங்கள்

கரண்ட் பில். தைலம் வாங்கியாயிற்று.

கல்லுக்காட்டு ஊர்க்கவுண்டர் இரண்டு பேருடன் வார்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டிலின் கால்மாட்டில் வைத்தார்.

"சடையா, உங்கண்ணன் சோறு தண்ணி இல்லாம காட்டுல கெடக்கறான். ஊருக்கு வா. கோயில்ல ரெண்டு பேரும் கற்பூரம் அணைங்க. உன்னத் தொடமாட்டேன்னு அவன் அணைக்கட்டும். டேசன்ல சொல்லமாட்டேன்னு நீ அண. அத்தோட முடிஞ்சிது. தண்ணி, நெலம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் பழையபடி."

"சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேனே மாமா."

"சொல்றது வேற. அணைக்கறது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சத்தியமே வாணாம், ஆமான்னா ஆமாம், இல்லன்னா இல்லன்னு இருங்கன்னு எங்க ஆண்டவரு சொல்லிக்கீறாரு."

"அத வெச்சி எப்பிட்றா நம்பறது?"

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. புரியாமல்தான் கேட்டார். எரியும் கற்பூரத்தை அறைந்து அணைத்துச் சொன்ன சொல் மலையில் மூன்று தலைமுறைக்கு நிற்கும். அணைக்காத சொல் வெறும் காற்று.

உடன் வந்தவன்: "அணைக்க ஏன் பயப்படறான்? மனசுல வேற எதுவோ வெச்சிக்கினுகீறான்."

ராமாயி அவன்மேல் பாய்ந்தாள். "சோத்துக் கையத்தான் வாங்கிட்டீங்களே, எத்தாலடா அணைப்பாரு?" பிறகு புருஷனிடம் திரும்பினாள். "இருக்கற கையால ஒரு தட்டு தட்டிட்டு வாய்யா. வூடாச்சும் நிக்கும்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான், இல்லையென்று.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். போகும்போது வாழைப்பழச் சீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு வருடத்தில் எத்தனையோ மிரட்டல் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்த பழத்தைத் திரும்ப எடுத்துப்போனது இதுதான் முதல்.

அக். 14, செவ்வாய்

சடையன் கூப்பிட்டனுப்பினான். "கோயில்ல சொல்லமாட்டேன். பேப்பர்ல சொல்றேன் சார். ஊருக்கே தெரியட்டும். அண்ணனுக்குப் படிக்க வராது, யாராச்சும் படிச்சிக் காட்டுவாங்க."

எழுதினேன். நிதானமாக, அவன் சொன்ன வரிசையில். வெட்டியவரைத் தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன், ஒருபோதும். மன்னித்துவிட்டேன். ஊறலைக் கேட்காமல் கொட்டியதற்கு என்னையும் மன்னிக்க வேண்டும். நாலு வாக்கியம். அவனுக்குப் படித்துக் காட்டினேன். சரி என்றான்.

ஆட்டைப் பார்க்க ராமாயி மலைக்குப் போகிறாள். வேண்டாம் என்றேன். "பட்டியில அதுங்க கத்திக்கினு கெடக்கும் சார். அதுங்களுக்கு எந்த வேதமும் தெரியாது."

அக். 15, புதன்

தலைப்பு: "வெட்டியவர் யாரென்று தெரியும்! மருத்துவமனையில் தொழிலாளி பரபரப்புத் தகவல்."

கீழே முதல் வாக்கியம் மட்டும். மற்ற மூன்றின் இடத்தில் தீபாவளிப் புடவை விளம்பரம்.

டெஸ்கைக் கூப்பிட்டுக் கத்தினேன். "இடமில்ல சார், பண்டிகை சீசன்" என்றார்கள்.

சடையன் படிக்கச் சொன்னான். படித்தேன்.

"மீதி எங்க சார்?"

எஸ்.ஐ.யிடம் போனேன். கல்லுக்காட்டுக்கு இரண்டு போலீஸ் அனுப்பச் சொன்னேன். தீபாவளி பந்தோபஸ்துக்கே ஆள் கம்மி என்றார். ராமாயிக்குப் போன். சிக்னல் இல்லை. மறுபடி. இல்லை.

அக். 17, வெள்ளி

நேற்று அந்தியில் நடந்துவிட்டது.

இன்று மலையேறினேன். மழை விட்டிருந்தது. வீடு இருந்த இடத்தில் கரிந்த விட்டம் ஒன்று, இன்னும் புகைகிறது. பட்டியில் ஆடுகளின் பின்னங்கால் நரம்புகளை அறுத்திருக்கிறார்கள். பல செத்துவிட்டன. ஒன்று முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தது. இரத்தம் சேற்றில் கோடாக. உடன் வந்த டிரைவர் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ராமாயி சொன்னதாக போலீஸ் சொன்னது: பேப்பர் விஷயம் தெரிந்து வெள்ளையன் இறங்கி வந்தான். முதலில் ஆடுகள். பிறகு பெட்ரோல் கேன். கூரைமேல் வீசினான், அவன்மேலும் சிந்தியது. அவள் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்து அவன் மார்பில் அடித்தாள். ஆள் அப்படியே பற்றிக்கொண்டான். எரிந்தபடி கூரை விளிம்பைப் பிடித்தான், வீடும் பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வெள்ளையன் பேசத்தாங்க வந்தான். அவதான் கொள்ளியால அடிச்சிட்டா."

"பேச வந்தவன் கையில் பெட்ரோல் எதுக்கு?"

"வண்டிக்கு."

"அவனுக்கு வண்டி ஏது?"

அவர் ஆட்டைப் பார்த்தார். "நாங்க ஒண்ணும் பாக்கலீங்க."

வெள்ளையன் ஜி.எச். தீக்காயப் பிரிவில். நினைவு இல்லை. சடையனின் வார்டிலிருந்து கூப்பிடு தூரம். ராமாயி காவலில். கொலை முயற்சி. அவன் செத்தால் கொலை.

அக். 18, சனி

வீக்கம் கண் வரை. கஞ்சி மட்டும்.

ராமாயிக்காகப் பார்த்த வக்கீல் சொல்வது எளிமையானது. தற்காப்பு என்று காட்டலாம். அதற்கு, வெள்ளையன் ஏற்கெனவே ஒரு முறை வெட்டியவன் என்று பதிவாக வேண்டும். சொல்லக்கூடியது ஒரே வாய்.

ஸ்டேஷனில் ராமாயியைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். "அந்தாள கேளு சார். கட்டுனவ பெருசா, வெட்டுனவன் பெருசா? மொறத்துல ஏந்திக்கினு வந்தனே, அதக் கேளு."

அப்படியே போய்ச் சொன்னேன். சடையன் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதான். கட்டில் ஆடியது.

"சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேன் சார்."

"அவளுக்கு ஜெயில்!"

"அவன் இன்னும் உசிரோட கீறான். இப்ப வாயத் தொறந்தா, தம்பியும் பொய்யன்தான்னு நெனச்சிக்கினே செத்துப்பூடுவான். அதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது. அவ ஜெயிலுக்குப் போனா மனு போட்டுப் போய்ப் பாப்பேன். அவன் போற எடத்துக்கு மனு போட முடியாது சார்."

கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. கை ஓங்கவே செய்தேன். பக்கத்துக் கட்டில் கிழவர் "அடி சார்" என்றார். கையை இறக்கிக்கொண்டேன்.

அக். 19, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன், பல மாதத்துக்குப் பிறகு. எனக்கு ஞானஸ்நானம் கைக்குழந்தையில் கொடுத்தது. நான் கேட்டு வாங்கியதில்லை.

முழங்காலில் நின்று வேண்டியது: பல் வலி போக வேண்டும். வேறு எதுவும் வாயில் வரவில்லை. ராமாயி பெயர்கூட. உள்ளதை எழுதி வைக்கிறேன்.

வெள்ளையன் அப்படியே. எஸ்.ஐ. மறுபடி சடையனிடம். அதே பதில்.

அக். 20, திங்கள். தீபாவளி

விடியுமுன்பே வெடி. வார்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எல்லாக் கட்டில்களும் துள்ளின.

வெள்ளையனுக்கு நினைவு வந்துவிட்டது. மரண வாக்குமூலம் எடுக்க மாஜிஸ்திரேட் வந்தார், பண்டிகைச் சட்டையிலேயே. கதவைச் சாத்தினார்கள். ஆனால் அவன் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது.

"ஆமா, நான்தான் வெட்டுனேன்! கழுத்துக்குத்தான் வெச்சேன், கை குறுக்க வந்துட்ச்சி. வூட்டயும் கொளுத்தத்தான் போனேன். எழுதிக்கோ. தம்பி சொன்னான்னு எழுதாத. அவன் சொல்லமாட்டான். எனக்குத் தெரியும்."

பிறகு தண்ணீர் கேட்டான். பிறகு கெட்ட வார்த்தை.

மாஜிஸ்திரேட் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வக்கீலுக்குப் போன் செய்தேன். ராமாயிக்கு இது போதும் என்றார்.

சடையனிடம் போனேன். கேட்டதைக் கேட்ட வரிசையில் சொன்னேன், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் விடாமல். "அவன் சொல்லமாட்டான்" என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"மன்னிப்புன்னு எதனா கேட்டானா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எளிது.

"இல்லை. கேட்கவில்லை."

"மூச்சு கீதா?"

"இருக்கு."

எழுந்தான். ட்ரிப் ஊசியைப் பல்லால் கடித்துப் பிடுங்கினான். இரத்தம் சட்டையில். சுவரோரமாக நடந்தான், நான் பின்னால். தீக்காயப் பிரிவு வாசலில் கான்ஸ்டபிள் காலை நீட்டி மறித்தார்.

"நீ உள்ள போவக் கூடாதுய்யா. உன்ன வெட்டுனவன் அவன்."

"எங்கண்ணன் சார்."

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். காலை மடக்கிக்கொண்டார்.

கதவு திறந்ததும் கருகிய வாடை. வாழை இலைமேல் கறுப்பாக ஒரு உருவம். கண் இருந்த இடத்தில் வீக்கம்.

"யாரு?"

"நான்தாண்ணா."

வெளியே யாரோ பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். அது வெடித்து முடிகிற வரை காத்திருந்து சடையன் சொன்னான்: "ஊறலக் கேக்காம கொட்டுனது என் தப்புண்ணா."