கன்னத்திலும் பச்சை

செவ்வாய், 4

காலையிலிருந்து மழை. ஈஜோக் வீட்டிலிருந்து லேப் வந்து சேர ஒன்றரை மணி நேரம். காலணிக்குள் தண்ணீர்.

இன்று: ஐஸ் பெட்டி கழுவ. அண்ணிக்கு முருங்கைக்கீரை. கன்னத்து செல் ஸ்லைடு.

கடைசி வேலையை வேண்டுமென்றேதான் கடைசியில் எழுதினேன். மூக்கில் வாசனை பிடிக்கும் ஏற்பிகளில் மட்டும் ஒட்டி, பச்சையாக ஒளிர வேண்டிய ஆன்டிபாடி. குப்பியில் இருப்பதே சில சொட்டு. வீணாக்க மனமில்லாமல் ஒப்பீட்டுச் சோதனையை, இந்தக் கன்னத்து கன்ட்ரோலை, மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டேன். கஞ்சத்தனம், வேறென்ன.

அதற்குள் கூடப் பிறந்த குணா அண்ணன் மூக்கிலும் செல் எடுத்தாயிற்று. வீடு வீடாகக் கேஸ் தோம்பு, சிலிண்டர்தான், மாட்டுகிறவர். மற்றவர்கள் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்ப்பார்கள். இவர் குனிந்து மோந்தே பார்ப்பார், அதில் ஒரு பெருமை. கோவிட்டுக்குப் பிறகு வாசனையே தெரியாமல் போய், ஸ்டோரில் தோம்பு அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் ஸ்லைடு முழுக்கப் பச்சை, ஏற்பிகள் அப்படியே இருக்கின்றன என்று அர்த்தம். மாதிரி கொடுத்தவரிடம் முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி. போன வாரம் சோறு சாப்பிடும்போது உளறிவிட்டேன். "எல்லாம் நல்லா இருக்குண்ணே. வாசனை தானா வந்துடும்." தட்டைப் பார்த்தபடியே அழுதார்.

புதன், 5

வெயில். பேருந்தில் ஒரு அம்மா போனில்: "அவன் வந்தா கதவத் தொறக்காத, சொல்லிட்டேன்."

கன்னத்தின் உட்புறத்தில் அந்த ஏற்பி கிடையாது. இருட்டாகத் தெரிய வேண்டும்.

பச்சை.

என் கன்னம்தான். எங்கோ கை தவறியிருக்கும். மறுபடி போட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடவில்லை.

வியாழன், 6

மறுபடியும் பச்சை. கண்டதிலெல்லாம் ஒட்டுகிற ஆன்டிபாடி. அண்ணனுடையதையும் சேர்த்து மூன்று மாத ஸ்லைடும் குப்பை.

மேற்பார்வையாளர் டாக்டர் ந. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கன்ட்ரோல் மொதல்ல போடணும்லா. இது கூடவா நான் சொல்லணும்?" ஆராய்ச்சி போனால் போகட்டும். அண்ணனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அண்ணனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தேன், அண்ணி எடுத்தார். "ஒனக்குத் தெரியாதா? வாசனை வந்துருச்சுன்னு மொதலாளி தவுக்கேகிட்ட சொல்லிட்டு, இன்னிலேருந்து மறுபடியும் தோம்பு போடப் போயிட்டாரு. புக்கிட் பெலிம்பிங் பக்கம்."

அரைநாள் லீவு. டாக்சி. வழியெல்லாம் போன் அடித்தேன். கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், ஒரு கடை ஓரம் தோம்பு லோரி நின்றது. அண்ணன் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாசனை தெரியுதாண்ணே?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் ஏன் தவுக்கேகிட்ட அப்படி சொன்னீங்க?"

"நீ மெஷின்ல பாத்து சொன்னியே. மூக்கு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் புடிபடலன்னு நெனச்சேன். மோந்து பாத்தேன், ஒண்ணும் வரல. அப்ப லீக் இல்லன்னுதான அர்த்தம்?"

நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. டம்ளரை வைத்துவிட்டு, "காலையிலேருந்து நாலு வீடு" என்றார், அவ்வளவுதான்.

வாளியில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த நாலு வீட்டுக்கும் திரும்பப் போனோம். முதல் வீடு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதிலும் குமிழி இல்லை.

நாலாவது வீட்டில் அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "மறுபடியும் வந்துட்டீங்க? நல்ல வேள, தேத்தண்ணி போடத்தான் உள்ள போகப் பாத்தேன்."

கதவைத் தாண்டக்கூட இல்லை, கேஸ் வாடை என் முகத்தில் அடித்தது. "உள்ள போகாதீங்க, சுவிட்சத் தொடாதீங்க!" என்று கத்தினேன். அக்கா கூடையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அண்ணன் உள்ளே பாய்ந்து தோம்பை மூடினார். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். அப்புறம் அடுப்படி நடுவில் நின்று, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"ரொம்ப அடிக்குதா பாப்பா?"