சிவப்புக் கோடு

என் பட்டாளத்துக்காரருக்கு,

வருடம் முடிகிறது, வீட்டு நிலவரம் சொல்லியாக வேண்டுமே. இது நமக்கு ஏழாவது குவார்ட்டர்ஸ். பழைய திரைச்சீலைகள் இந்த ஜன்னல்களுக்கு எட்டாமல், அரைக்கால் சட்டை போட்டதுபோல் தொங்குகின்றன. பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே வந்து, "பெட்டியெல்லாம் பிரிக்காதம்மா, அதுக்குள்ள அடுத்த மாற்றல் வந்துடும்" என்று சிரித்தார். நானா கேட்பேன்? பதினோரு பெட்டியையும் அன்றே பிரித்துவிட்டேன்.

முதலில் வெளியே எடுத்தது நம் மகளின் உயரம் குறிக்கும் பலகையை. நீங்கள் கிளம்பும்போது அதில் சிவப்புக் கோடு போட்டு, "நீ இதுவரைக்கும் வளர்றதுக்குள்ள அப்பா வந்துடுவேன்" என்றீர்களே, அதே பலகைதான்.

நேற்று அளந்தேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழேதான் இருந்தாள். பள்ளிக்கூடப் பாவாடையெல்லாம் குட்டையாகிவிட்டதே, இதெப்படி என்று குனிந்து பார்த்தால், கழுதை, முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறாள்!

"நேரா நில்லுடி!"

"அப்பா வந்தப்புறம் நிக்கிறேம்மா."

நானும் அந்த உயரத்தையே குறித்துவிட்டேன். பாவம், பிள்ளைக்குக் கால் வலிக்கும். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
கள்ள அளவு எழுதிய
உங்கள் வீட்டுக்காரி