நான் பதிவு செய்த கேசட்

அப்பா,

அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். நீங்கள் அவனுக்குப் பேசி அனுப்பிய கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தான். மூடியைத் திறந்ததும் சூடுபட்ட பிளாஸ்டிக் வாசனை. நான்தான் கேட்டு வாங்கினேன். என் இடது காதில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சரியாகக் கேட்காத உங்கள் குரலை ஒருமுறையாவது ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இப்போது என்னென்னவோ கேட்கிறது. முறத்தில் அரிசி புரள்வது, அடுத்த அறையில் மகள் மூக்கை உறிஞ்சுவது. முதல்முறை அப்பளம் கடித்தபோது பயந்தே போனேன். வலது காதுக்கு ஒன்றும் செய்ய முடியாதாம். உள்நரம்பு கெட்டுவிட்டது. "இருபது வருஷம் முன்னாடி வந்திருக்கணும்மா," என்றார் டாக்டர். அந்தக் காதில் இரைச்சல் மட்டும் உண்டு. நன்னிலத்தில் நம் ரைஸ்மில்லின் பெல்ட் தூரத்தில் ஓடுவதைப் போல, நிற்காமல்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அந்த மில்லை வைத்துத்தான் என்னைப் பொய்க்காரி ஆக்கினீர்கள். "மில்லுக்குள்ள இவ்வளவு சத்தத்துல கேக்குது, வீட்டுல கூப்பிட்டா கேக்கலையாம். எல்லாம் நடிப்பு," என்று, சாப்பாடு கொண்டுவந்த என்னைக் காட்டிச் சிரித்தீர்கள். மூட்டை இறக்குகிறவர்களும் விடவில்லை. "வேலை சொன்னா மட்டும் அடைச்சுக்கும் போல மொதலாளி!" டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சத்தமான இடத்தில்தான் நன்றாகக் கேட்குமாம், அங்கே எல்லோரும் கத்திப் பேசுவதால். நீங்கள் தெரியாமல் பேசிவிட்டீர்கள் என்று அன்றைக்கே மன்னித்தேன்.

பிறகு கேசட்டைப் போட்டேன்.

என் கல்யாணம் நிச்சயமான மாதத்தில் பேசியது. அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறது. வீட்டில் டேப் ரெக்கார்டரை இயக்கத் தெரிந்தவள் நான்தான். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தரையைப் பார்த்து மெல்லப் பேசினீர்கள். மகனை நினைத்துக் குரல் அடைக்கிறது என்று நினைத்தேன்.

"தம்பி, தங்கச்சிக்கு நெசமாவே காது கேக்கலப்பா. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். ஆபரேஷன் அது இதுன்னு போனா ஊருக்குத் தெரிஞ்சிரும், மாப்பிள்ளை வீட்ல நிறுத்திருவாங்க. நீ லெட்டர்ல எதுவும் எழுதிராத, அவ படிச்சிருவா. வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில காது வாங்கி வச்சிட்டு வந்திருக்கேன்."

மாதாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். கடல் தாண்டி இருந்தவனிடம் சொல்லியிருக்கிறீர்கள். கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேசட்டுக்கு மாறியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. வீட்டில் எனக்குக் காது கேட்காதது உங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

கல்யாணம் நடந்தது. பி.எட். படித்து ஆசிரியை ஆனேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சந்தேகம் கேட்பார்கள். நான் தடுமாறினால் வகுப்பே குலுங்கும். ஆறாவது மாதம் வேலையை விட்டேன். அப்போதும், "கவனம் பத்தாதும்மா ஒனக்கு," என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். தெரிந்துகொண்டே சொன்னீர்கள்.

அண்ணனுக்குப் போன் செய்து கத்தினேன். "அப்ப காலம் அப்படிம்மா. உன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு," என்றான். என் வலது காதை அவனிடம் கொடுத்து ஒருநாள் வைத்துக்கொள்ளச் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

அந்தக் கேசட் அதோடு முடியவில்லை அப்பா. நீங்கள் சட்டென்று குரலை உயர்த்துகிறீர்கள்: "போதும்மா, நிறுத்து!" அதற்குப் பிறகு ஒரு பெண் குரல், ரொம்ப மெல்லியது. யாரென்று ஒரு நொடி தெரியவில்லை. நான்தான்.

"அண்ணனுக்கு என்னப்பா சொன்னீங்க?"

"எல்லாரும் நல்லாருக்கோம்னு சொன்னேன்."

அவள் சிரிக்கிறாள். பிறகு பொத்தான் எழும்புகிற சத்தம்.

இரைச்சல் பழகிவிடும் என்கிறார் டாக்டர், பழகட்டும். உங்களை நம்பிச் சிரித்த அந்தச் சிரிப்பு எனக்கு நல்ல காதில் கேட்கிறது.