யானை வராத புதன்கிழமை

இன்று மாலை ராசிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். இயந்திரத்திலிருந்து தாள்கள் சூடாக வந்து விழுந்தன. அந்தச் சூட்டு வாசனை உன் கைப்பையின் வாசனை. நான்கு வருடம் வியாழக்கிழமைதோறும் என் பக்கத்து இருக்கையில் வந்த வாசனை.

"எப்பவும் போலத்தானுங்களா டீச்சர்?" என்றார் கடைக்காரர். உன்னிடம் கேட்டுப் பழகிய கேள்வி. ஆமாங்க என்றேன். தாளைக் கையில் எடுத்தவர், அதில் உன் கையெழுத்து இல்லாததை இன்றும் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். நகலெடுத்து மடித்துக் கொடுத்தார். பேருந்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. உட்கார முடியவில்லை. நிலையத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

நீ போய் நான்கு மாதமாகிறது. உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஐந்து வகுப்பும் என்னிடம்தான். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கைப் போட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு ஓடி, அங்கே உட்காருவதற்குள் ஒன்றாம் வகுப்பில் யாராவது அழுதுவிடுகிறார்கள். நாள் முழுக்க நின்றபடியே இருக்கிறேன். ஒருவிதத்தில் அது நல்லதாகவும் இருக்கிறது.

வெண்ணந்தூர் தாண்டி அந்தத் தறிக்காரர்கள் ஊருக்கு நீ மாற்றலாகி வந்தாய். நம் இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் நான் தலைமை ஆசிரியை பொறுப்பில் இருந்ததால் பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்றார்கள், உன்னைச் சின்ன டீச்சர் என்றார்கள். பள்ளிக்குள் நாமும் ஒருவரையொருவர் டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். பேருந்தில் ஏறியதும் நான் "ஏம்புள்ள" என்பேன். ஆத்தூர்ப் பக்கத்துக்காரியான உனக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது. இறங்கும்போது நீ "வரேன்" என்பாய். "வரேன் இல்ல புள்ள, வாரேன்" என்று நான் திருத்துவேன்.

வந்த இரண்டாவது மாதமே அந்தத் தாளைத் தொடங்கிவிட்டாய். ஒரே பக்கம், நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் இந்த வாரம் படித்தது, வலது பக்கம் அடுத்த வாரம் நடக்கப்போவது. உன் கையாலேயே எழுதி, நகலெடுத்து, வெள்ளிக்கிழமை மாலை ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினாய். இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மாக்கள் பொழுதெல்லாம் தறிக்கூடத்தில், அப்பாக்கள் பாதிப்பேர் லாரியிலும் போர்வெல் போடும் ரிக் வண்டியிலும் வடக்கே.

"இன்னைக்கு என்ன படிச்சேன்னு கேட்டா புள்ளைங்க ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லும்" என்றாய். "கேக்கறவங்க கையில நூல் நுனி ஒண்ணு குடுத்துடணும். அப்புறம் அவங்களே இழுத்துக்குவாங்க."

ஹரிணியை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதுவாள். எழுதியதைப் படி என்றால் ஜன்னலைப் பார்ப்பாள். அப்பா ரிக் வண்டியோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மா செல்வி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

அந்தச் செல்வி போன ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை நம் பள்ளி வாசலில் வந்து நின்றாள். தறிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"ஏனுங்க டீச்சர், யானை வந்துருச்சுங்களா?"

"என்ன யானை?" என்றேன்.

"இன்னைக்கு இஸ்கோலுக்கு யானை வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தீங்களாமா. எம்புள்ள படிச்சுச் சொல்லுச்சுங்க. வெறுங்கையோட வாரதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அதானுங்க."

அந்தத் தாளில் நீ எழுதியிருந்தது குடற்புழு மாத்திரையைப் பற்றி. புதன்கிழமை தரப்படும், காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும் என்று. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த ஹரிணி அம்மாவின் குரலைக் கேட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"யானை இன்னைக்கு வரலம்மா. வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பழத்தக் குடுங்க, புள்ளைங்க சாப்பிடட்டும்."

செல்வி முகம் லேசாக வாடியது. பழத்தைக் கொடுத்துவிட்டு, "மறுக்கா வந்தா சொல்லி உடுங்க" என்று தறிக்கு ஓடினாள்.

உன்னோடு நான் போட்ட முதல் சண்டை அன்றைக்குத்தான். "படிக்கத் தெரியாதத அவ மறைக்கறா. நீயும் ஒத்து ஊதறே" என்றேன். நீ கோபப்படவில்லை. "மூணாவதுக்கு வந்து ரெண்டு மாசமா ஒரு எழுத்தும் அவகிட்ட ஒட்டல. இப்பத்தான் ஒரு வழி தெரியுது, இரு" என்றாய்.

மறுநாள் மதியம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடுத்த வாரம் பள்ளியில் என்ன நடக்கணும் என்று கேட்டாய். அடி விழும் என்று பயந்திருந்தவள் வெகுநேரம் கழித்து "ஆடு" என்றாள். யானை சொல்லி மாட்டிக்கொண்டதால் சின்னதாகக் கேட்டிருப்பாள். பிறகு ஒவ்வொன்றாக அவள் சொன்னதை அப்படியே வலது பக்கத்தில் எழுதினாய். 'அடுத்த வாரம் நம்ம வகுப்புக்கு ஆடு வரும். அதுக்குப் புல் கொண்டு வரணும்.' எழுதிய வாக்குக்காக, ஒரு பிள்ளையின் அப்பாவைக் கெஞ்சி அவர் வளர்த்த மேச்சேரி ஆட்டை ஓட்டிவரச் செய்தாய். பிள்ளைகள் நூலால் அதன் நீளம் அளந்தார்கள். ஆடு சுவரில் தொங்கிய உயிர்மெய் அட்டவணையின் ஒரு மூலையைத் தின்றது. 'க' வரிசையில் பாதி போயிற்று. நான் திட்டினேன். நீ சிரித்துச் சிரித்துப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

ஆனால் அந்தத் தாளைத்தான் ஹரிணி முதன்முதலில் விரல் வைத்துப் படித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். அவள் வாயிலிருந்து வந்த சொற்கள்தானே. "சொல்லு அவகிட்ட இருக்கு டீச்சர். எழுத்த மட்டும் நாம காட்டணும்" என்றாய். பிறகு வாராவாரம் அவள் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். புரட்டாசியில் மற்றவர்கள் சொன்னதையும் படித்தாள். ஐப்பசியில் பாடப்புத்தகம். திக்கித் திக்கித்தான், ஆனால் ஜன்னலைப் பார்க்காமல்.

செல்விக்கு மட்டும் எதுவும் தெரியாது. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கார்த்திகையில் அந்தக் கடைசித் தாள் வந்தது. 'அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எல்லாரும் பள்ளிக்கூடம் வரணும். எங்க கூடப் பாயில உட்காரணும்.' இதுவும் ஹரிணி சொன்னதுதான். கொடுத்தனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாய். பேருந்தில் நான் வெடித்துவிட்டேன்.

"ஒரு நேரம் தறிய நிறுத்திட்டு எவ வருவா? வந்தாலும் செல்வி வாயத் தொறந்தா யானைக் கதை வெளிய வரும். ஊரே சிரிக்கும். ரெண்டு பேருஞ் சேந்து அந்தப் பொம்பளைய ஏமாத்திட்டீங்க."

"தெரியட்டுமே" என்றாய். "தெரியறப்ப ஹரிணிக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கும்."

"நல்லா ஏமாத்தத் தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

உன் நிறுத்தம் வந்தது. எழுந்து நின்று, என் தோளைத் தட்டி, எங்கள் பேச்சிலேயே "வாரேன் புள்ள" என்றாய். சமாதானத்துக்குத்தான் சொன்னாய். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் உன் அம்மா வீட்டில், துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாய். நெஞ்சுவலி என்று சொல்லக்கூட உனக்கு நேரமிருக்கவில்லை என்றார்கள். உன் வீட்டுக் கூடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை.

புதன்கிழமை பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை அம்மாக்கள் வர வேண்டாம் என்று. துக்கம் என்று காரணம் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். ஆளாளுக்குத் தலைவாரிப் பூ வைத்து, நல்ல சேலை கட்டி. சிலர் கையில் உன் தாள்.

"வேண்டாம்னு சொல்லி உட்டேனுங்களே" என்றேன்.

"புள்ளைங்க சொல்லுச்சுங்க" என்றாள் முன்னால் நின்றவள். "ஆனா சின்ன டீச்சர் பேப்பர்ல வரச் சொல்லி எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க. வராம எப்படிங்க இருக்கறது?"

பாயில் உட்காரவைத்தேன். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பக்கத்தில் காலை மடக்கிக் குறுகி உட்கார்ந்தாள். எதை நடத்துவது என்று எனக்கு ஓடவில்லை. சாக்குக்கட்டியை எடுத்தேன், வைத்தேன். அப்போது செல்வி எழுந்தாள். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். ஆடி மாதத்திலிருந்து நீ கொடுத்தனுப்பிய ஒன்றைக்கூட அவள் எறியவில்லை. தேதிவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

"அந்தம்மா எழுதினதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ஒருக்கா மொத்தமும் கேக்கணும்னு ஆசைங்க. நீங்க படிங்க டீச்சர்."

முதல் தாளே ஆடி மாதத்துத் தாள். குடற்புழு மாத்திரை.

ஹரிணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல? யானை வரும் என்று நானே வாசித்துவிடலாம். செல்விக்குத் தெரியப்போவதில்லை. உன் பொய்யும் அதோடு பத்திரமாகிவிடும். ஒரு கணம் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கையில் உன் எழுத்து இருந்தது. அதன் மேல் வேறொன்றைச் சொல்ல என்னால் ஆகவில்லை. உள்ளதை நானே படித்து அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவும் ஆகவில்லை. தாளை ஹரிணியிடம் நீட்டினேன்.

"நீயே படி சாமி."

அவள் எழுந்தாள். விரலை வலது பக்கத்து முதல் சொல்லுக்கு அடியில் வைத்தாள்.

"புதன்... கிழமை... குடற்... புழு... மாத்திரை தரப்படும். காலையில்... சாப்பிட்டுவிட்டு... வரவும்."

செல்வி காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்ளோதாம்மா."

"யானை?"

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றாள் ஹரிணி. "இப்பத் தெரியும்."

செல்வி மகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, சின்ன டீச்சரும் யானை வேற ஊருக்குப் போயிருச்சுன்னு சொன்னாங்களே?"

உன் சார்பில் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பொய்தானுங்க சொன்னாங்க" என்றேன். "உங்க புள்ளைய உங்க முன்னால உட்டுக் குடுக்க அவங்களுக்கு மனசு வரல. நான் அதுக்கு அவங்களோட சண்டை போட்டேன். கடைசி வரைக்கும் போட்டேன்."

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு முந்தானையை எடுத்தாள்.

"அப்ப என்ற வாழப்பழத்த யாரு தின்னது?"

"நாங்க!" என்று மூன்றாம் வகுப்பு முழுவதும் கத்தியது.

செல்விதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும். சிரிப்புக்கு நடுவில் அவள் அழுதாள், நானும் அழுதேன், பிள்ளைகளுக்கு எதற்கென்று தெரியவில்லை, அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஹரிணியை இழுத்து மடியில் உட்காரவைத்து, "மீதியவும் படி. உள்ளதப் படிக்கோணும்" என்றாள் செல்வி. மதிய மணி அடிக்கும்வரை ஹரிணி படித்தாள். அடுத்த அம்மாவின் பிள்ளை இரண்டு தாள் படித்தது. நான் அன்றைக்கு எதையுமே நடத்தவில்லை.

நீ செய்தது முழுக்கச் சரி என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. செல்வி சிரிக்காமல் போயிருந்தால்? நாலு பேர் முன்னால் கூனிக் குறுகிப் போயிருந்தால்? பேருந்தில் உன் நிறுத்தம் வரும்வரை இதைத்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஜன்னல் பக்கம் இப்போது உட்காருவதில்லை. தாளை மட்டும் விடவில்லை. என் கையெழுத்து உன்னுடையதைப் போல உருண்டு வராது, பிள்ளைகள் அதைக் குறை சொல்கிறார்கள். 'அடுத்த வாரம்' என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது. அப்புறம் எழுதிவிடுகிறது.

நேற்று ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். வரும் வழியில் ஏரியில் மீன் ஒன்று எழுந்து நின்று தன் பெயரைக் கேட்டதாம். உண்மையா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். முப்பது வருடமாக நான் கேட்டு வரும் கேள்வி அது.

"அப்புறம் நீ என்ன சொன்னே சாமி?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்காரவைத்தாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.