கீழ்த்தளத்தில் மூன்று ஓட்டுகள்

பிப்ரவரி 8, செவ்வாய்

ஊர்க் கூட்ட அறிவிப்பை அஞ்சலகக் கதவில் ஒட்டிவிட்டார்கள். மார்ச் முதல் செவ்வாய், காலை ஒன்பது மணி, ஊர் மன்றம். ஒன்பது தீர்மானங்கள். ஏழாவது: ஊர்ப் பள்ளியை ஜூனோடு மூடுவதா?

இருபத்தேழு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை என் மகள் தியா நடத்துகிறாள். கூட்டத்தை நடத்துகிறவள் நான். இது பத்தொன்பதாவது வருடம்.

பிப்ரவரி 13, ஞாயிறு

தியா சாப்பிட வந்தாள். பாதித் தட்டிலேயே கேட்டுவிட்டாள்.

"நீ என்னம்மா நினைக்கறே?"

கூட்டத் தலைவருக்கு அபிப்பிராயம் கிடையாது என்றேன்.

"கிடையாதா, சொல்ல மாட்டியா?"

உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தொரு வருடம் வாரப் பத்திரிகையில் மற்றவர்கள் நினைப்பதை எழுதிப் பிழைத்தேன். ஓய்வு பெறும் முன்பே இந்த நாற்காலியும் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே தகுதிதான். வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 14, திங்கள்

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். மூடத்தான் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இரண்டே பிள்ளைகள், அதில் பெண் ஒருத்திதான், அவளுக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்பது மைல். அங்கே இசை ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் இருக்கிறது.

அங்கே தியாவைப் போல் ஆசிரியர் இல்லை. அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதை அழிக்குமென்று நினைத்தேன். அழிக்கவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

கடையில் வின்ஸ்டன் கோப்லி. அறுபது பசு வைத்திருக்கிறார். பள்ளியை மூடச் சொல்கிற அணிக்கு அவர்தான் முன்னணி. அவர் வேலியில் 'மூடு' பலகை. எதிர் வேலியில் 'காப்பாற்று'. எங்கள் சாலை முழுக்க இப்படித்தான், பனிக்குவியலில் செருகிய பலகைகள்.

"உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை லோர்னா. என் பையனுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவளே அவதான். ஆனா பள்ளிக்கூடத்துக்குன்னு வர்ற வரிக்கு நான் பசுவைத்தான் விக்கணும்."

பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பால் விவசாயி முன்னால் கடையில் பால் வாங்கியதைக்கூட அவர் கிண்டல் செய்யவில்லை. அவ்வளவு இறுக்கம்.

பிப்ரவரி 28, திங்கள்

தியா இந்த ஞாயிறு வரவில்லை. கூட்டத்தில் மேசையில் தட்டுகிற மரச் சுத்தியலைக் காரில் எடுத்து வைத்தாயிற்று.

மார்ச் 1, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் எனக்கே வேறு மாதிரி ஞாபகம் வரும்.

ஆறு தீர்மானங்கள் பதினோரு மணிக்குள் முடிந்தன. ஏழாவதற்கு ஒன்றரை மணி நேரம். எழுந்தவர்கள் எல்லோரும் முறைப்படி என்னைப் பார்த்தே பேசினார்கள், "தலைவர் அவர்களே" என்று. தியாவும் அப்படித்தான். மன்றத்துக்குள் அவள் என்னை அம்மா என்றதே இல்லை. மூன்று நிமிடம், குரல் உயராமல் பேசினாள். கைதட்ட வேண்டாம் என்று சுத்தியலைத் தட்டினேன். என் மகளுக்கு விழுந்த கைதட்டலை.

ஏழு பேர் கேட்டதால் கை தூக்குவதற்குப் பதில் வாக்குச் சீட்டு. எல்லோரும் வரிசையில் வந்து மரப்பெட்டியில் போட்டார்கள். பெட்டியை மூடும் முன் நான் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "சமையலறைக்குச் சொல்லியாச்சா?" மதியச் சாப்பாட்டுக்காகக் கீழ்த்தளத்தில் பீன்ஸ் சூடாக்கிக்கொண்டிருக்கிறவர்கள் மேலே வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று சொல்லவில்லை.

தியா சீட்டைப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் ஒரு கணம் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நான் செய்தது, வாக்கெடுப்பு முடிந்தது என்று அறிவித்தது.

மூட: எண்பத்து நான்கு. வேண்டாம்: எண்பத்து மூன்று.

முடிவைப் படித்தேன். எட்டாவது தீர்மானத்தின் தாளைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் டெல்ஃபின் கோடெட் படியேறி வந்தாள், கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே. பள்ளியின் சமையல்காரி அவள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள்.

"எப்ப ஓட்டு?" என்றாள்.

வரிசைகளில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"எங்களைக் கூப்பிடலியே லோர்னா."

எட்டாவதை நான் படிக்கத் தொடங்கிவிட்டால் ஏழாவதைத் திரும்பத் திறக்க முடியாது. அதற்கு முன் என்றால் வழி உண்டு. ஆனால் ஜெயித்த பக்கத்தில் ஓட்டுப் போட்டவர்தான் கேட்க வேண்டும். ஜெயித்தவர் எதற்குக் கேட்பார்? அந்த விதியை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வின்ஸ்டன் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, நான் ஜெயிச்ச பக்கம். மறுபடி ஓட்டெடுக்கணும்னு கேக்கறேன்."

பின்வரிசையிலிருந்து யாரோ, "உனக்கு மூளை கலங்கிடுச்சா வின்ஸ்டன்?" என்றார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நமக்குத்தானே அவங்க கீழே சமைச்சிட்டிருந்தாங்க. அந்தச் சாப்பாட்டைத் தின்னுட்டு, அவங்க ஓட்டை விட்டுட்டுப் போறதா?"

மறுவாக்கெடுப்புக்கு மன்றம் ஒப்புக்கொண்டது. மறுபடி வரிசை. இந்த முறை நானே படிக்கட்டு வரை போய்க் கீழே யாருமில்லை என்று பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு தடவை எண்ணினார்கள். ஊர் எழுத்தர் சீட்டை நீட்டினார்.

எண்பத்தைந்து. எண்பத்தைந்து.

சமமென்றால் தீர்மானம் தோற்கும். தலைவர் விரும்பினால் ஓட்டுப் போடலாம், கட்டாயமில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பள்ளி பிழைக்கும். தியாவின் வேலையும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

வின்ஸ்டன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரின் ஓட்டு: மூடலாம்" என்றேன்.

பிறகு எட்டாவதைப் படித்தேன். பனி உருகச் சாலைக்கு உப்பு போடுவது பற்றியது.

மதியச் சாப்பாட்டுக்குத் தியா இருக்கவில்லை.

மார்ச் 2, புதன்

கேள்வி இதுதான்: மறந்தேனா, மறக்க விரும்பினேனா? சமையலறையில் இருப்பவர்கள் பள்ளி பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும். மூன்றில் ஒன்று மூடுகிற பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்? தியாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் — அது நிஜம். வேறு எதையும் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

ஓட்டுப் போட்டதற்கு மட்டும் காரணம் தெரியும். நான் நினைத்தது அது. ஜெயித்ததை ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு முன்னால் நின்று எனக்கு அபிப்பிராயம் இல்லை என்று நடிக்க வரவில்லை.

மார்ச் 5, சனி

தியா தொலைபேசியில். "அன்னிக்கு உன் வீட்லயே சொல்லியிருக்கலாமேம்மா. ஊருக்கு முன்னாடியா எனக்குத் தெரியணும்?" நான் ஏதோ சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சரிதானே அவள் சொல்வது?

மார்ச் 20, ஞாயிறு

பாகு காய்ச்சும் சாறு வடிக்க மேப்பிள் மரங்களில் வாளி கட்டியாயிற்று. இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியே செய்தேன்.

ஜூன் 17, வெள்ளி

பள்ளிக்குக் கடைசி நாள். போகவில்லை. சாலையிலிருந்து பிள்ளைகள் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஓர் ஆசிரியரை எடுத்துக்கொண்டதாம், தியாவை இல்லை. டெல்ஃபின் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு உட்காராமலே போனாள்.

செப்டம்பர் 6, செவ்வாய்

தியா இருபத்திரண்டு மைல் தள்ளி ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். காலை ஆறே காலுக்கு அவள் கார் என் வீட்டைத் தாண்டும். நிற்காது.

நவம்பர் 24, நன்றி நாள்

பண்டிகை விருந்துக்குச் சின்ன வான்கோழிதான் வாங்கினேன். நான்கு மணிக்குத் தியா, தான் சுட்ட பூசணி இனிப்பு அப்பத்தோடு வந்து நின்றாள். கோட்டைக் கழற்றவில்லை. கணவன் வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றாள். அப்பம் இன்னும் சூடாக இருந்தது.

மார்ச் 7, செவ்வாய்

ஊர்க் கூட்டம். வழக்கம்போல முதல் தீர்மானம்: தலைவர் தேர்வு. வேறு பெயர் வரும் என்றுதான் போனேன். சுத்தியலை எழுத்தரிடம் கொடுக்கத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

டெல்ஃபின் என் பெயரைச் சொன்னாள். வழிமொழிய ஆள் வேண்டும்.

"வழிமொழியறேன்." மூன்றாம் வரிசை. தியா.

ஆறாவது தீர்மானம் தீயணைப்பு வண்டி. சீட்டு கேட்டார்கள். வரிசை முடிந்தது. பெட்டி மூடியில் கை வைத்தபடி, "சமையலறைக்கு..." என்று தொடங்கினேன்.

அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "நான் போய்க் கூட்டிட்டு வர்றேம்மா."

மன்றம் முழுக்கச் சிரிப்பு. "தலைவர் அவர்களே-ன்னு சொல்லணும்!" என்றார் வின்ஸ்டன்.

நான் சுத்தியலைத் தட்டவில்லை. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.