உன் மேல் நட்ட புல்

என் கையைப் பிடித்துக் கப்பலேற்றிய மதினிக்கு,

கிள்ளான் பக்கம் பத்து நாளாய் விடாத மழை. முந்தாநாள் வெறித்ததும் ஓடைக்கரைக்கு வந்து பார்த்தேன். உன் சமாதி மேட்டில் பாதியைக் காணோம். பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காத கிழவனின் மேடு, புல் மண்டி, வைத்தது வைத்தபடி இருக்கிறது.

வாரம் தவறாமல் உன் மேட்டைச் செதுக்கியவள் நான். ஒரு புல் விட்டதில்லை. தோட்டத்தில் நாம் களை செதுக்கிய காலத்திலும், துரை வந்தால் கங்காணி என் மர நிரையைத்தானே காட்டுவான்? ரப்பர் மரத்தடியெல்லாம் பெருக்கித் தெளித்த வாசல் மாதிரி வெறும் மண்ணாய்க் கிடக்கும்.

நீதான் ஓடைச் சரிவில் வேண்டுமென்றே புல்லை விட்டுவிட்டுப் போவாய். "இது இந்த மண்ணு மரமில்ல புள்ள. எங்கிருந்தோ கொண்டாந்து நட்டுட்டான். காட்டையும் அழிச்சாச்சு. இந்தப் புல்லையும் புடுங்கிட்டா மண்ண யாரு புடிப்பா?"

"குனிய முடியலன்னு சொல்லேன் மதினி" என்றேன் நான்.

கங்காணி வந்து கேட்டபோது உன் நிரையை விரல் நீட்டிக் காட்டியதும் நான்தான். உச்சி வெயிலில் அந்தச் சரிவு முழுவதையும் உன்னைத் தனியாகச் செதுக்க வைத்தான். அதற்காக நீ மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை. நீ மறந்துவிட்டுத்தான் போனாயா?

நாம் தண்ணீர் மொண்ட ஓடை இப்போது கணுக்காலளவு கூட இல்லை; சரிவு மண்ணெல்லாம் இறங்கித் தூர்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் லயத்து வீடுகளுக்குள் வருகிறது. மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் வேலை பார்க்கிற பேரன், "அங்க யாரு இருக்கா ஒனக்கு? வந்துரு ஆத்தா" என்கிறான். நீ இருக்கிறாய் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

நேற்று சாலையோரப் புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, கூடையில் சுமந்து வந்து உன் மேல் பதித்தேன். செத்துப்போன கங்காணியின் மகன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன பாட்டி, ஆயுசு பூரா புடுங்கிட்டு இப்ப நடுற?"

"ஒங்கப்பன் மேலயும் நடணுமா? மாட்டேன், போடா."

மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. வேர் பிடிக்குமா? பிடிக்கும்வரை பிரிக்பீல்ட்ஸ் போகமாட்டேன். பிடித்த பிறகும் வாரா வாரம் வருவேன் மதினி. புல்லைக் கண்டால் செதுக்கச் சொல்லிக் கை அரிக்கும். அதனால் மண்வெட்டியை வீட்டிலேயே போட்டுவிட்டு வருவேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்த நாத்தனார்,
பேச்சி