இரட்டைச் சைக்கிளில் பின் இருக்கை

பெல்ஸ்டன், ஹெர்ஃபோர்டுஷயர்
மே 20, செவ்வாய் காலை

அன்பு மகள் பிரையனிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் பூனையும் சுகம், ஹோபார்ட்டில் நீயும் சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன, அப்பா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறார். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய், இங்கே நேர்மாறு, சாலையோரமெல்லாம் வெள்ளைப் பூச்செடிகள் இடுப்புயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன, வேலி முள்மரங்கள் பூத்து அந்த மணம் ஜன்னல் வழியாக வந்து ஆளை ஒரு வேலை செய்ய விடுவதில்லை, இப்போதுகூடப் பாத்திரங்களைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத்தில் ருபார்ப் தண்டு இந்த வருஷம் கண்டபடி வளர்ந்துவிட்டது, பதினோரு பாட்டில் ஜாம் போட்டு வைத்திருக்கிறேன், தின்னத்தான் ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள்களை விற்றுவிடுங்கள் என்று போனில் சொன்னாய், நானும் ஆகட்டும் ஆகட்டும் என்றேன். விற்கவில்லை. உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்து போனை எடுக்காதே, முழுதும் படி. அப்பா உன்னிடம் கண்ணில் கொஞ்சம் மங்கல் என்று மட்டும் சொன்னார் அல்லவா, அது பாதி உண்மைதான். பிப்ரவரியில் கண் டாக்டர் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார், பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டே இருக்கும், ஓரங்கள் மட்டும் நிற்கும், முழுக்க இருட்டாகிவிடாது, பயப்படாதீர்கள் என்றார். அதாவது என்னை நேராகப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் திட்டு, எனக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையின் பூக்கள் மட்டும் சுற்றிலும் தெரியும். வெளியே வந்ததும் உன் அப்பா, "ஓரம் தெரிஞ்சா போதும் ஹேசல், நம்ம ரோடு எல்லாம் ஓரந்தானே" என்று ஜம்பம் பேசினார். நானும் அசடு மாதிரி சிரித்துவைத்தேன்.

மார்ச்சில் வியாழக்கிழமை சைக்கிள் குழுவை வழக்கம்போல் அவர்தான் முன்னால் நின்று கூட்டிக்கொண்டு போனார். பண்ணை வளைவில் ஒரு ஆட்டுக்குட்டி சாலையின் நடுவில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது, பின்னால் வந்த ஏழு பேருக்கும் அது தெரிந்தது, முன்னால் போனவருக்குத் தெரியவில்லை. அவர்களில் மெர்வ் போட்ட கூச்சலில் குட்டி எழுந்து ஓடிவிட்டது, அப்பா தடுமாறிப் போய்க் காஞ்சொறி மண்டிய பள்ளத்தில் விழுந்தார், அடி ஒன்றும் பெரிதில்லை, கையெல்லாம் தடிப்புத்தான். மறுநாள் மெர்வ் ஒரு கேக்கோடு வந்தார், உனக்குத் தெரியுமே, தபால்காரராக இருந்தவர், கேக்கோடு வந்தாரென்றால் கெட்ட செய்தி என்று அர்த்தம். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "நாங்க சொன்னா ரோலண்ட் கேக்க மாட்டாரு. இன்னிக்கு ஆட்டுக்குட்டி, நாளைக்கு யார் வீட்டுக் குழந்தையோ. நீங்கதான் சொல்லணும்" என்றார். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அப்பா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். அன்று மாலையே தன் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஆறு வாரம் மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிரையனி, கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரியாது, விரலை மட்டும் நகர்த்திக்கொண்டே இருப்பார், இங்கே திரும்பினால் ஆலைப் பாலம், இங்கே திரும்பினால் பிஷப் வீட்டுச் சுவர் என்று வாய்க்குள் முணுமுணுப்பார். அவருடைய கணக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தார்ச்சாலையின் நடுவில் புல் முளைத்திருந்தால் அது நல்ல சாலை, அங்கே கார் வராது என்பார். அப்படிப்பட்ட சாலைகளையெல்லாம் கோத்து எத்தனை வழிகள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார் அந்த மனுஷர், அவரை அடுப்படியில் உட்காரவைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. சைக்கிள் போனால் இவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற அந்தப் பச்சை நிற இரட்டைச் சைக்கிள் நினைவுக்கு வந்தது, நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் வாங்கியது. முப்பத்தெட்டு வருஷமாக அவர் முன்னால், நான் பின்னால். எந்த ஊருக்குப் போனாலும், எந்த மதுக்கடை வாசலைக் கடந்தாலும் எவனாவது ஒருவன், "ஐயா, பின்னாடி இருக்கிற அம்மா மிதிக்கவே இல்ல!" என்று கத்தாமல் இருந்ததில்லை, ஒவ்வொருவனும் அதைத் தானே முதன்முதலாகக் கண்டுபிடித்தது போலச் சிரிப்பான். நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "என்னை உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போகப் போறியா?" என்றார். சரிதான் என்று நான் நிஜமாகவே ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு தேவாலயத்துப் பின்புற மைதானத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பழகினேன், இரண்டு முறை விழுந்தேன், பாதிரியார் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார், வெட்கத்துக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், "மூட்டை உங்களை விட எவ்வளவோ தேவலை, வாயைத் திறக்கல, வழி சொல்லல, வளைவுல பயந்து இடுப்பைப் பிடிக்கல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டில்லோ கிராமம் வரைக்கும், ஒரே ஒரு தடவை என்றார்.

அந்த ஞாயிறு நேற்று முன்தினம்தான். எட்டு மைல் போக, எட்டு மைல் வர, முழுதும் நடுவில் புல் முளைத்த சாலை. உண்மையைச் சொல்கிறேன், முப்பத்தெட்டு வருஷமாக நான் இந்த வட்டாரத்தை உன் அப்பாவின் இடது தோளுக்கு அந்தப்பக்கமும் வலது தோளுக்கு இந்தப்பக்கமும்தான் பார்த்திருக்கிறேன், சாலை எப்படி நேராக நம்மை நோக்கி வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பக்கமும் வேலிமரங்கள் மேலே கை கோத்து நின்றன, வெயில் அதற்குள் வட்டம் வட்டமாக விழுந்து கிடந்தது, ஒரு கார் இல்லை, ஒரு குரல் இல்லை, சங்கிலி ஓடுகிற சத்தமும் எங்கோ குயில் கூவுவதும்தான். கொஞ்ச தூரம் போனதும் நாங்கள் ஓட்டுகிறோமா, சாலைதான் எங்களுக்கு அடியில் நழுவிப் போகிறதா என்று தெரியாமல் போய்விட்டது. பின்னாலிருந்து அவர், இப்போது தண்ணீர் சத்தம் கேட்கும், கேட்டதும் வலது பக்கம், இப்போது பன்றிப் பண்ணை நாற்றம் வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. பாதி வழியில் இருக்கிற மதுக்கடை வாசலில் கஸ் கிழவன் நாயோடு உட்கார்ந்திருந்தான், எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஏம்மா ஹேசல், பின்னாடி இருக்கிறவரு மிதிக்கவே இல்ல!" என்று ஊர் கேட்கக் கத்தினான். பின்னாலிருந்து பதிலே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு, பாழாய்ப்போன கிழவன் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

அதைத் தாண்டினால் ஆப்பிள் தோட்டத்து ஏற்றம், உனக்குத் தெரியும், உன்னைக் குழந்தை இருக்கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை ஏறியிருக்கிறோம். இரட்டைச் சைக்கிளில் ஒருவர் காலைச் சும்மா சுற்றவிட்டால் மற்றவர் காலுக்கு உடனே கனம் தெரிந்துவிடும், பாதி ஏற்றத்தில் எனக்குத் திடீரென்று கனத்தது, அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடப் போகிறார், இனி ஒருநாளும் ஏறமாட்டார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன ஆச்சு, ஏன் மிதிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தினேன். "கத்தாதே, பேசாம ஓட்டு, பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். இடது பக்கம் ஆப்பிள் மரமெல்லாம் பூத்திருக்கிறது, மூன்றாவது வரிசைக்கு அடியில் ஏணி ஒன்று கிடக்கிறது, வலது பக்கம் ஏழு ஆடு, ஒன்று கறுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார், அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "முப்பத்தெட்டு வருஷமா இந்த இடம் வந்தா நீ மிதிக்க மாட்டே, எனக்குக் கால்ல தெரியும். பார்க்கட்டும்னு விட்டுடுவேன். என்னதான் அப்படிப் பார்க்கிறாளோன்னு நினைப்பேன், இப்பதான் தெரியுது" என்றார். அது உண்மைதான், கஸ் கிழவனிடம் சொல்லிவிடாதே. நடுவில் இருக்கிற திட்டு தொந்தரவு செய்யவில்லையா என்று மெல்லக் கேட்டேன். "இங்க உட்கார்ந்தா நடுவுல இருக்கிறது உன் முதுகுதான் ஹேசல், அது எனக்குப் பார்க்காமலே தெரியும்" என்றார் உன் அப்பா. அதற்கப்புறம் அந்த ஏற்றம் முழுதையும் நான் ஒருத்தியே மிதித்தேன், மூச்சு வாங்கியது, கண்ணீர் வேறு வழிந்து சாலை தெரியவில்லை, அவரிடம் சொல்லவில்லை.

டில்லோ கிராம மண்டபத்தில் தேநீரும் வால்நட் கேக்கும், அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார், என்னுடையதிலும் பாதி. நாளை மறுநாள் வியாழக்கிழமை, மெர்வ் நேற்று வந்து, நாங்கள் இருவரும்தான் குழுவுக்கு முன்னால் போகவேண்டும், ஆட்டுக்குட்டியைப் பார்க்க நானும் வழி சொல்ல அப்பாவும் என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார், இந்தமுறை கேக் கொண்டுவரவில்லை. ஆகவே அப்பாவின் தனிச் சைக்கிளை விற்றாலும் விற்போம், பச்சை வண்டியை மட்டும் கேட்காதே.

மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, இந்தக் கண் கோளாறு பிள்ளைகளுக்கும் வரலாமாம், டாக்டர் உன்னைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார், இந்த மாதமே போய்விட்டு எழுது. கடவுள் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், நீ போகிற சாலைகளில் எல்லாம் நடுவில் புல் முளைத்திருக்கட்டும்.

உன் அன்பு அம்மா,
ஹேசல்

பின்குறிப்பு: அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தன் சார்பிலும் ஒரு வரி எழுதச் சொல்கிறார். முன்னால் உட்கார்ந்திருப்பவள் மிதிக்கவே இல்லையாம்.